அம்பாரியும் கரடிப் பொறியும்

கப்பலின் அகலம் 12.8 மீட்டர். அதன் மேல் வந்து இறங்கவேண்டிய ஹெலிகாப்டரின் இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டம் 18.9 மீட்டர். திண்ணையைவிடப் பாய் பெரிது. அந்தத் திண்ணையும் ஓரிடத்தில் கிடப்பதில்லை. வட அட்லாண்டிக்கின் குளிர்கால அலையில் ஒருபக்கம் சாய்கிறது, மறுபக்கம் சாய்கிறது, பின்புறம் எழும்பிப் பொத்தென்று விழுகிறது. இருட்டில் விளக்கும் மங்கல்தான். இதில் எட்டொன்பது டன் எடையுள்ள இயந்திரத்தை இறக்கி, அது சறுக்கிக் கடலில் விழுவதற்குள் கட்டிப்போட்டு, கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போய்ப் பூட்டவேண்டும்.

1960களில் கனடாக் கடற்படை இதை அன்றாட வேலையாக ஆக்கியது. அதற்காக அவர்கள் உண்டாக்கிய கருவிக்கு ஆவணங்களில் முழ நீளத்தில் ஒரு பெயர் உண்டு. மாலுமிகள் வைத்த பெயர் 'பேர்ட்ராப்', கரடிப் பொறி. காட்டில் கரடியின் காலைக் கவ்வும் இரும்புப் பொறியைப்போல, இறங்கும் ஹெலிகாப்டரின் அடிவயிற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு ஒன்றை இரும்புத் தாடைகள் கவ்விக்கொள்ளும். பெயரைக் கேட்டால் கதை முழுக்கத் தாடையைப் பற்றியது என்று தோன்றும். எனக்கு அந்தத் தாடையைவிட, அதன் நடுவிலிருந்து புறப்பட்டு மேலே போகும் கயிறுதான் சுவாரசியம். அந்தக் கயிறு பிறந்ததற்குக் கடல் பாதிக் காரணம். மீதிப் பாதி ஒரு சுவர், அந்தச் சுவருக்குப் பின்னால் காற்று செய்யும் சேட்டை. அதனால் கதையைக் கனடாவில் தொடங்க முடியாது. முதல் உலகப்போருக்குப் போகவேண்டும்.

1917 ஆகஸ்ட் 2. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஸ்காப்பா ஃப்ளோ. எச்.எம்.எஸ். ஃபியூரியஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் முன்பாதியில் பீரங்கிக்குப் பதிலாக நீண்ட தளம் ஒன்று போட்டிருந்தார்கள். விமானங்கள் அதிலிருந்து எழும்பிப் போகும். போனவை திரும்பி இறங்க வழியில்லை. எட்வின் டன்னிங் என்ற 25 வயது அதிகாரி ஒரு வழி கண்டார். சாப்வித் பப் என்ற தன் சின்ன விமானத்தில் கப்பலின் பக்கத்திலேயே கூடப் பறந்து வந்தார். நடுவில் நின்ற மேற்கட்டுமானத்தைத் தாண்டியதும் உள்பக்கமாக வழுக்கித் தளத்துக்கு மேலே வந்தார். கப்பல் எதிர்காற்றில் விரைந்துகொண்டிருந்ததால், தளத்தில் நின்றவர்களுக்கு விமானம் அந்தரத்தில் நிற்பதுபோல இருந்தது. ஓடிப்போய் அதில் தொங்கிய வார்களைப் பிடித்து இழுத்து அமர்த்தினார்கள். ஓடும் கப்பலில் ஒரு விமானம் இறங்கியது அதுவே முதல் தடவை. ஐந்து நாள் கழித்து மறுபடி முயன்றபோது டயர் வெடித்து, விமானம் பக்கவாட்டில் கடலுக்குள் சரிந்தது. டன்னிங் மூழ்கி இறந்தார்.

அதன்பிறகு கப்பலின் பின்பாதியிலும் 284 அடி நீளத்துக்கு ஒரு தளம் போட்டார்கள். முன்னால் ஏறலாம், பின்னால் இறங்கலாம். வரைபடத்தில் பார்க்க ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் நடுவில் புகைபோக்கியும் அதிகாரிகளின் மேடையும் கொண்ட மேற்கட்டுமானம் மலைபோல அப்படியே நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு வந்த காற்று பின்தளத்தின் மேல் சுருண்டு சுருண்டு விழுந்தது. போதாக்குறைக்குப் புகைபோக்கியின் சூடான புகை வேறு. தளத்தைத் தொடப்போகும் கடைசி நொடியில் விமானம் யாரோ பிடித்து உலுக்கியதுபோல ஆடும். 1918இல் அந்தத் தளத்தில் பழுதில்லாமல் இறங்கியவை மூன்றே மூன்று. புகைபோக்கிக்குப் பின்னால் கயிறுகளைத் தொங்கவிட்டு, மோத வரும் விமானங்களைத் தாங்கப் பார்த்தார்கள்.

அங்கே கிடைத்த படிப்பினை எளிமையானது: இறங்கும் இடத்துக்கு முன்னால் சுவர் இருக்கக்கூடாது. அடுத்து வந்த ஆர்கஸ் என்ற கப்பலில் மேலே எதுவுமே இல்லை. இத்தாலிக்காகக் கட்டத் தொடங்கிய பயணிகள் கப்பலை பிரிட்டன் பாதியில் வாங்கி, உச்சியைத் துடைத்துவிட்டதுபோல முன்முனையிலிருந்து பின்முனைவரை ஒரே தளமாக்கியது. புகையைக்கூடக் குழாய் வழியாகப் பின்பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். கப்பலைச் செலுத்துபவரின் அறை, விமானம் இறங்கும்போது தளத்துக்குள் இறங்கிக்கொள்ளும். பிற்பாடு, ஓரமாக ஒரு கட்டடம் இருந்தால் காற்று எப்படிக் கெடும் என்று பார்க்க, அதே கப்பலில் மரச்சட்டமும் கித்தான் துணியுமாக ஒரு பொய்க் கட்டடத்தை நிறுத்திப் பறந்து பார்த்தார்கள். சினிமா செட் மாதிரிதான். காற்றுக்கு நிஜக் கட்டடம், செட் என்ற வேற்றுமை கிடையாது.

பெரிய விமானந்தாங்கிகளின் வம்சம் அந்த வழியில் போனது. நமக்கு வேண்டியது சின்னக் கப்பல்.

1943 மே மாதம், நியூயார்க் பக்கம் லாங் ஐலண்ட் கடற்பகுதியில், ஃபிராங்க் கிரிகரி என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி சிகோர்ஸ்கியின் ஆரம்பகால ஹெலிகாப்டர் ஒன்றை 'பங்கர் ஹில்' என்ற எண்ணெய்க் கப்பலின் மேல்தட்டில் இறக்கிக் காட்டினார். ஓடுதளம் வேண்டாம், வேகம் வேண்டாம், நின்ற இடத்தில் நின்று இறங்கிவிடும். இதைப் பார்த்த கடற்படைக்காரர்களுக்குப் புது ஆசை பிறந்தது. விமானந்தாங்கி வாங்க வசதியில்லாத நாடும் ஒவ்வொரு காவல் கப்பலின் பின்பக்கத்திலும் ஒரு பறக்கும் இயந்திரத்தை வைத்துக்கொள்ளலாம்.

இடம் பின்பக்கம்தான். முன்னால் அலை ஏறி அடிக்கும், பீரங்கி இருக்கும். ஹெலிகாப்டர் உப்புத் தண்ணீரில் நனைந்துகொண்டே கிடக்க முடியாது, அதற்குக் கொட்டகை வேண்டும். கடற்படை மொழியில் ஹேங்கர். கொட்டகையைத் தளத்துக்குப் பின்னால் கட்டினால் விமானி கடல் பக்கமிருந்து வர வழியில்லை. அதனால் முன்னால். ஆக, ஃபியூரியஸ் கப்பலில் உயிரைக் கொடுத்துக் கற்று, ஆர்கஸில் இடித்துத் தள்ளிய அதே சுவரை, சின்னக் கப்பலில் தெரிந்தே மறுபடி எழுப்பவேண்டி வந்தது. இரண்டு மாடி உயரத்துக்கு, தட்டையாக, கூர்மையான மூலைகளோடு.

சுவருக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது? புழுதி ரோட்டில் ஓடும் டவுன் பஸ்ஸின் பின்கண்ணாடியைப் பாருங்கள். புழுதியைக் கிழித்துக்கொண்டு போவது முன்கண்ணாடி. அப்பிக்கொண்டு வருவது பின்கண்ணாடி. பஸ்ஸின் கூரையைத் தடவிக்கொண்டு வரும் காற்றுக்குக் கூரை சட்டென்று முடிந்ததும் செங்குத்தாக மடங்கி இறங்கத் தெரியாது. நேராகப் போய்க் கொஞ்ச தூரத்தில்தான் கீழே இறங்கும். நடுவில் விட்டுப்போன குழியை நிரப்ப, கீழே இறங்கிய காற்றில் ஒரு பங்கு சுருண்டு திரும்பி பஸ்ஸை நோக்கியே ஓடிவரும், புழுதியோடு. கடைசி சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன எவருக்கும் இது மூக்கு வழியாகத் தெரிந்த சங்கதி.

ஹேங்கருக்குப் பின்னாலும் அதேதான். கப்பல் நேர் எதிர்காற்றில் போனால், கொட்டகையின் உச்சி விளிம்பைத் தாண்டிய காற்று தளத்துக்கு மேலே பின்னோக்கி ஓடுகிறது. கீழே, தளத்தை ஒட்டி, காற்று முன்னோக்கி, ஹேங்கர் கதவை நோக்கி ஓடுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு காற்றுகள் உரசும் இடத்தில் சுழிகள் பிறந்து, ஒவ்வொன்றாக உதிர்ந்து, தளத்தின் மேல் உருண்டு போகும். ஹெலிகாப்டரின் சுழல் வட்டம் இதற்குள்தான் வந்து இறங்கவேண்டும். வட்டத்தின் முன்பாதி கொட்டகையின் மறைவில், பின்பாதி முழுக்காற்றில். கீழ்நோக்கி இறங்கும் காற்றில் நிற்பதால் தூக்குவிசை குறைகிறது, விமானி எஞ்சின் விசையைக் கூட்டவேண்டும். காற்று பக்கவாட்டில் சாய்ந்து வந்தால் இன்னும் மோசம். ஹேங்கரின் செங்குத்து மூலையிலிருந்தும் மேல் விளிம்பிலிருந்தும் முறுக்கிய கயிறுபோலச் சுழல்கள் கிளம்பி, தளத்தின் குறுக்கே, சரியாக இறங்கும் இடத்தின் மேலாகப் போகும்.

சுழல்களின் வேகத்தைவிட அவற்றின் தாளம்தான் பொல்லாதது. ஐந்து நொடிக்கு ஒரு முறை என்பதைவிட மெதுவாகக் காற்று மாறினால் விமானி நிதானமாகச் சரிசெய்துவிடுவார். நொடிக்கு இரண்டு முறைக்கு மேல் துடித்தால் அது வெறும் நடுக்கம், ஹெலிகாப்டரின் எடையே அதை விழுங்கிவிடும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தாளத்தில்தான் மனிதக் கை கட்டுப்பாட்டுத் தண்டை அசைக்கிறது. கப்பலின் பின்சுழிகளில் பெரும்பகுதி அதே தாளத்தில் வந்து தொலைக்கின்றன. விமானி ஒன்றைத் திருத்தி முடிப்பதற்குள் காற்று அடுத்ததைக் கேட்கிறது. ஒரு கை, மறு கை, இரண்டு கால் எல்லாவற்றுக்கும் வேலை. கண்ணுக்கு முன்னால் சில மீட்டர் தூரத்தில் இரும்புச் சுவர். கீழே ஆடும் தளம்.

இப்போது கனடா. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அந்த நாட்டுக் கடற்படைக்கு ஒரே பெரிய கவலை, அட்லாண்டிக்கில் திரியும் சோவியத் நீர்மூழ்கிகள். நீர்மூழ்கிகளின் வேகம் கூடிக்கொண்டே போனது. கப்பலைக்கொண்டு துரத்திப் பிடிப்பது நடக்கிற காரியமாக இல்லை. ஒலிக்கருவியைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கிக் கேட்டு, தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குத் தாவும் ஹெலிகாப்டர்தான் அதற்குச் சரி. 1956இல் பக்கிங்ஹாம் என்ற ஃபிரிகேட்டின் பின்பக்கத்தில் தற்காலிகமாக ஒரு மேடை போட்டுச் சோதித்தார்கள். அடுத்த ஆண்டு ஒட்டாவா என்ற டெஸ்ட்ராயரில் சோதனை தொடர்ந்தது. நல்ல விமானி எப்படியோ இறங்கிவிடுகிறார் என்று தெரிந்தது. இறங்கிய பிறகுதான் வில்லங்கம். சக்கரம் தளத்தைத் தொட்டதும் தூக்குவிசை போய்விடுகிறது. அடுத்த அலைக்குக் கப்பல் சாய்ந்தால் ஹெலிகாப்டர் சறுக்கத் தொடங்குகிறது. சுழலும் இறக்கைகளின் கீழே குனிந்து ஓடி, சங்கிலி போட்டுக் கட்ட மாலுமிகளுக்கு இருப்பது சில நொடிகள்.

மற்ற நாடுகள் பிரச்சினையைச் சின்னதாக்கிக்கொண்டன. பிரிட்டன் 'வாஸ்ப்' என்ற குட்டி ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டது. இறங்கியபின் இறக்கைகளின் கோணத்தைத் திருப்பி, தன்னைத் தானே தளத்தோடு அழுத்திக்கொள்ளும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. அமெரிக்கா டெஸ்ட்ராயர்களில் ஆளே இல்லாமல் ரேடியோவில் ஓட்டும் 'டேஷ்' என்ற சின்ன ஹெலிகாப்டரை வைத்தது. செய்தவற்றில் பாதிக்கு மேல் தொலைந்துபோயின. கனடா மட்டும், சுமார் மூவாயிரம் டன்னே உள்ள தன் செயின்ட் லாரன்ட் வகைக் கப்பலில், 'சீ கிங்' என்ற பெரிய ஹெலிகாப்டரை ஏற்றுவது என்று முடிவெடுத்தது. துணிச்சல் என்று இன்று சொல்லலாம். சரியாக வராமல் போயிருந்தால் வேறு சொல் சொல்லியிருப்போம்.

சீ கிங்குக்குக் கொட்டகை கட்ட கப்பலின் நடுவில் இருந்த ஒற்றைப் புகைபோக்கியைப் பிடுங்கி, இரண்டாகப் பிரித்துப் பக்கத்துக்கு ஒன்றாக நட்டார்கள். கொட்டகையின் முன்பகுதி இரண்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது. இல்லையென்றால் தளத்துக்கு இடமே இருந்திருக்காது. அவ்வளவு நெருக்கடி. காற்றின் கோணத்தில் பார்த்தால் ஃபியூரியஸின் பழைய பாவங்கள் இரண்டும், சுவரும் சூடான புகையும், இங்கே ஒன்றாகக் குடியேறின.

நோவா ஸ்கோஷியாவில் டார்ட்மத் அருகே ஷியர்வாட்டர் என்ற கடற்படை விமானத்தளம். அங்கே வி.எக்ஸ்.-10 என்ற சோதனைப் படைப்பிரிவு. பக்கத்திலேயே ஃபேரி ஏவியேஷன் நிறுவனத்தின் கனடாக் கிளை. இந்த வட்டாரத்தில்தான் கரடிப் பொறி உருவானது.

வேலை செய்யும் விதம் இது. ஹெலிகாப்டர் தளத்துக்கு மேலே உயரத்தில் வந்து நிற்கும். அதன் வயிற்றிலிருந்து மெல்லிய கயிறு ஒன்று இறங்கும். கீழே நிற்பவர்கள் அதை வெறுங்கையால் தொட மாட்டார்கள். காற்றில் சுழன்ற இறக்கைகளால் ஹெலிகாப்டரில் மின்னேற்றம் சேர்ந்திருக்கும், முதலில் தரையிணைப்புக் கழியால் தொட்டு அதை இறக்கிவிட வேண்டும். பிறகு, பொறியின் நடுத்துளையிலிருந்து வரும் கனத்த எஃகு வடத்தின் முனையை அந்தக் கயிற்றில் மாட்டுவார்கள். மேலே இருப்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள். வடம் ஹெலிகாப்டரின் அடித்தண்டுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். கீழே வின்ச் என்ற வடம் சுருட்டும் இயந்திரம் அதைத் தளராமல் இழுத்துப் பிடித்திருக்கும். கப்பல் எழும்பினால் வடத்தைச் சுருட்டும், தாழ்ந்தால் விட்டுக்கொடுக்கும், இழுவிசை மட்டும் மாறாது.

வடம் ஹெலிகாப்டரைக் கீழே இழுத்துப் போடுகிறது என்றுதான் முதலில் கேள்விப்படும் எவரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். விஷயம் நேர்மாறு. ஓட்டுவது கடைசிவரை விமானிதான். வேண்டாமென்றால் அவர் வடத்தைக் கழற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். வடம் கீழே இழுக்க, விமானி மேலே இழுக்க வேண்டியிருக்கிறது. அதாவது தன் எடைக்குத் தேவையானதைவிட அதிக விசையோடு பறக்கிறார். அந்தக் கூடுதல் விசையைச் சற்றுச் சாய்த்தாலே பக்கவாட்டில் நல்ல பிடி கிடைக்கும். இரண்டாவது, சுழி ஒன்று வந்து ஹெலிகாப்டரை இடப்பக்கம் தள்ளினால், சாய்ந்துபோன வடம் அதைத் தானாகவே பொறியின் நேர்மேலே திரும்ப இழுக்கும். நூல் இல்லாத பட்டத்தைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். அதே காற்றில் நூலோடு இருக்கும் பட்டம் நிற்கும். பட்டத்தை நிற்கவைப்பது நூல் கீழே இழுக்கும் இழுப்பு. சுவருக்குப் பின்னாலிருந்த காற்றை யாராலும் நேராக்க முடியவில்லை. விமானிக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நூல் கொடுத்தார்கள்.

இனி நடப்பது பொறுமை. ஹெலிகாப்டர் தாழ இறங்கி, தளத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். எந்தக் கடலிலும் சில பெரிய அலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஓய்வு வரும். அந்த ஓய்வுக்குக் காத்திருக்கவேண்டும். வந்ததும், விமானி தூக்குவிசையைக் குறைக்க, வின்ச் இழுவிசை கூட, ஹெலிகாப்டர் தளத்தில் அழுந்தி உட்காரும். உட்கார்ந்ததும் தாடைகள் மூடும். வடத்தை மாட்டியவர்கள் ஏற்கெனவே விலகிவிட்டதால், இதெல்லாம் நடக்கும்போது தளத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. பிறகு அதே பொறி தண்டவாளத்தில் ஊர்ந்து ஹெலிகாப்டரைக் கொட்டகைக்குள் கொண்டுபோகும்.

இத்தனைக்கும் சூத்திரதாரி ஓர் அதிகாரி. தளத்தின் முன்மூலையில், ஹேங்கரை ஒட்டி, தலை மட்டும் தளத்துக்கு மேலே தெரியும்படி ஒரு கூண்டில் அவர் இருப்பார். வின்ச்சின் விசையும் தாடைகளும் அவர் கையில். கனடாக் கடற்படையில் அந்தக் கூண்டுக்கு 'ஹௌடா' என்று பெயர். யானை மேல் வைக்கும் அம்பாரிக்கு வட இந்தியாவில் வழங்கும் சொல், ஆங்கிலத்தில் ஏறிக் கடல் தாண்டி அங்கே போயிருக்கிறது. யார் இந்தப் பெயரை வைத்தார்களோ, குறும்புக்காரர். நம்மூர் அம்பாரியில் உட்கார்ந்தவருக்கு யானை கீழே இருக்கும். இங்கே யானை தலைக்கு மேலே.

பொறி பொருத்திய அசினிபோயின் என்ற கப்பல் 1963 ஜூனில் மறுபடி சேவைக்கு வந்தது. அந்த ஆகஸ்டில் முதல் சீ கிங் ஷியர்வாட்டருக்கு வந்து சேர்ந்தது. ஆண்டு முடிவதற்குள் வடம் பூட்டிய முதல் இறக்கம் நடந்துவிட்டது. ஆனால் பிள்ளை பிறந்தது, நடக்கப் பல காலம் ஆனது. வடம், வின்ச், தாடை ஒவ்வொன்றையும் திருத்தித் திருத்தி, முழு நம்பிக்கையோடு கடலில் பயன்படுத்தச் சில ஆண்டுகள் பிடித்தன. செயின்ட் லாரன்ட் வகையில் ஏழு கப்பல்களை மாற்றினார்கள். நிப்பிகன், அனாப்பொலிஸ் இரண்டையும் தொடக்கத்திலிருந்தே ஹெலிகாப்டருக்காகக் கட்டினார்கள். கனடாவின் கடைசி சீ கிங் ஓய்வு பெற்றது 2018இல். 55 வருஷம்.

பொறி மற்ற நாடுகளுக்கும் போனது. ஜப்பான் தன் ஹருனா வகைக் கப்பல்களில் வைத்தது. ஆளில்லா டேஷில் சூடுபட்ட அமெரிக்கா, இதே பொறியின் வழிவந்த 'ராஸ்ட்' என்ற ஏற்பாட்டைத் தன் சீ ஹாக் ஹெலிகாப்டர்களுக்காகக் கனடா நிறுவனத்திடமிருந்தே வாங்கியது. பம்பாய் மசகான் கட்டுத்துறையில் கட்டிய தாரகிரி, விந்தியகிரி என்ற இரண்டு இந்திய ஃபிரிகேட்டுகளிலும், சீ கிங்கை ஏற்றுவதற்காக இந்தக் கனடா முறையைப் பொருத்தினார்கள்.

கயிறு வந்துவிட்டதே, காற்றை மறந்துவிடலாமா என்றால் முடியாது. எந்தக் காற்றில் இறங்கலாம், எதில் கூடாது என்று ஒவ்வொரு கப்பல், ஹெலிகாப்டர் ஜோடிக்கும் ஒரு வரம்புப் படம் உண்டு. வட்டத்தின் நடுவில் கப்பல். சுற்றிலும் காற்றின் திசை, வேகம். நடுவில் முட்டை நசுங்கியதுபோல ஒரு கோடு, அதற்குள் இருந்தால் இறங்கலாம். முன்பக்கம் கோடு நீளும், பின்பக்கம் சுருங்கும். இதை வரைய, சோதனை விமானிகள் வாரக்கணக்கில் கடலில் கிடந்து, ஒவ்வொரு கோணத்திலும் இறங்கிப் பார்த்து, எவ்வளவு பாடுபட்டோம் என்று தங்களுக்குத் தாங்களே ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போட்டுக்கொள்வார்கள். வேண்டிய காற்று அந்த வாரம் வீசாமல் போனால் படத்தில் அந்த மூலை காலியாகவே இருக்கும்.

அந்தக் கோடு சீரான காற்றுக்குப் போட்ட கோடு. கடலில் சீரான காற்று ஏது? ஒரு சின்னக் கணக்கு. கப்பல் 15 நாட் வேகத்தில் வடக்கே போகிறது. மேற்கிலிருந்து 15 நாட் காற்று. கப்பல்மேல் நிற்பவருக்கு இரண்டும் சேர்ந்து, மூக்கிலிருந்து இடப்பக்கம் 45 டிகிரி சாய்ந்து, 21 நாட் காற்றாகப் படும். திடீரென்று ஒரு வீச்சு, மேற்குக் காற்று 25 நாட் ஆகிறது. இப்போது படும் காற்று 29 நாட். திசையும் 59 டிகிரிக்குத் திரும்பிவிட்டது. தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு போவதால், அது கிட்டத்தட்ட இருமடங்கு. வீச்சு வந்தால் காற்று பலக்கிறது என்று மட்டும் நினைக்கிறோம். அது கப்பலைச் சுற்றியுள்ள சுழிகளின் இருப்பிடத்தையே மாற்றி அடுக்குகிறது. முன்நொடிவரை வால்பக்கம் ஓடிய சுழல் இப்போது விமானியின் தலைக்கு மேல். கப்பல் அப்படியே போகிறது, ஹெலிகாப்டரும் அப்படியே நிற்கிறது, அடியிலிருந்த காற்று மட்டும் வேறு.

கம்பத்தின் உச்சியில் காற்றளவி இருக்கிறதே என்று கேட்கலாம். அது அளப்பது கம்பத்தின் உச்சியில் உள்ள காற்றை. அங்கேயும் கம்பமே குறுக்கே நின்று கெடுக்கும் என்பதால்தான் பல கப்பல்களில் இருபுறமும் ஒவ்வொன்று வைத்து, காற்று வரும் பக்கத்து அளவியை நம்புகிறார்கள். ஹேங்கருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது.

இதைப் புரிந்துகொள்ள ஆராய்ச்சியாளர்கள் ஒரு கப்பலைச் செய்தார்கள். உலகத்திலேயே மிதக்காத ஒரே கப்பல் அதுவாகத்தான் இருக்கும். பெட்டிமேல் பெட்டி அடுக்கியதுபோல ஓர் உருவம்: ஒரு நீளப் பெட்டி, அதன்மேல் ஒரு கட்டடப் பெட்டி, ஒரு புகைபோக்கிப் பெட்டி, பின்னால் படிபோல இறங்கும் தளம். 'எளிய ஃபிரிகேட் வடிவம்' என்று பெயர். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் சேர்ந்த பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூட்டமைப்பில் உருவானது. எந்த நாட்டின் ரகசியமும் அதில் இல்லாததால் எல்லோரும் ஒரே உருவத்தை வைத்துக் கணக்குப் போட்டு, ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்க்க முடிந்தது. கூர்மூக்கு வைத்த இரண்டாம் பதிப்பும் வந்தது. ஒட்டாவாவில் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் காற்றுச் சுரங்கத்தில் அளந்த எண்களோடு இன்றும் உலகெங்கும் மாணவர்கள் தங்கள் கணினி விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் இப்படிக் கணக்கிட்ட சுழிகளைப் பறக்கும் பாவனைக் கூண்டில் ஊட்டி, நிஜ விமானிகளை உட்காரவைத்துத் தளத்தில் இறங்கச் சொல்கிறார்கள்.

நெடுங்காலம் இந்தக் கணக்குகளில் வாசல்வழியே உள்ளே விட்ட காற்று, இஸ்திரி போட்ட துணிபோல மடிப்பில்லாத காற்று. எல்லாச் சுழிகளையும் கப்பலே உண்டாக்கட்டும் என்று விட்டார்கள். கடலின் மேல் காற்று அப்படி வருவதில்லை. தண்ணீரை ஒட்டி மெதுவாக, உயரத்தில் வேகமாக, ஏற்கெனவே தன் சுழிகளோடும் வீச்சுகளோடும்தான் வருகிறது. பிறகு அதையும் கணக்கில் சேர்க்கத் தொடங்கினார்கள். வரும் காற்றின் குலுக்கமும் கப்பல் போடும் குலுக்கமும் ஒன்றோடொன்று கலக்கும்போது கணினிக்கே மூச்சு வாங்குகிறது.

பாய்மரக்காரர்களுக்கும் மீனவர்களுக்கும் வீச்சு வருவது முன்கூட்டியே தெரியும். காற்று வரும் பக்கம் பார்த்தால், தண்ணீரின் மேல் கருத்த சிலிர்ப்பு ஒன்று ஓடி வருவது தெரியும். எண்ணிக்கொண்டே காத்திருக்கலாம். அம்பாரியில் இருக்கும் அதிகாரிக்கு அந்த வசதி இல்லை. சீ கிங்குக்குப் பிறகு வந்த சைக்ளோன் ஹெலிகாப்டருக்கும் அதே கயிறு, அதே கூண்டு. அவர் பார்ப்பது பின்பக்கம். ஹெலிகாப்டரையும், அதற்கு அப்பால் கப்பல் ஏற்கெனவே கடந்துவிட்ட கடலையும் பார்த்துக்கொண்டு, அடுத்த ஓய்வுக்காக நிற்கிறார். ஹேங்கர் முதுகுப்பக்கம் இருக்கிறது. வீச்சும் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. அது வந்துவிட்டது என்று அவருக்கு முதலில் சொல்வது, கண்ணுக்கு எதிரே சாயத் தொடங்கும் அந்த வடம்தான்.